சஹனில் பாதியில் கையெடுத்த உம்மா

அஸ்ஸலாமு அலைக்கும், மகன் அஸ்பாக். நாங்கள் சுகம், கட்டாரில் நீ சுகமென்பதும் எனக்குத் தெரியும், மாமாவுக்குத் தெரியாமல் எது நடந்திருக்கிறது? உன் உம்மாவின் வருத்தத்தையும் டொக்டர்மாருக்கு முதல் நான்தான் சொன்னேன், கல்முனை முழுக்கச் சாட்சி.

மருதமுனைக் கலியாணத்தில்தான் கண்டுபிடித்தேன். ஒரே சஹன் தட்டைச் சுற்றி ஆறு பெண்கள் சாப்பிடும்போது உம்மா நாலு வாய் மென்றுவிட்டுக் கையை எடுத்துவிட்டார். “எங்கட எறைச்சி புடிக்கல்லியாக்கும்” என்று மணமகளின் மாமி முகம் சுழித்தாராம், அன்றோடு அந்த வீட்டாருக்கும் எங்களுக்கும் பேச்சில்லை. ஆண்கள் பக்கம் இருந்த நான் சுவரைத் தாண்டியே விளங்கிக்கொண்டேன், இது கோபமல்ல, தாடைநோவு என்று. மென்றால் நோகும், நிறுத்தினால் விடும். கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் பொட்டு இடிக்கும், முக்காடு பட்டாலே தலைத்தோல் எரியும். பல்லைப் பிடுங்கச் சொன்னார் ஒருவர், கண்ணூறு என்று ஓதின தண்ணீர் தந்தார் இன்னொருவர். ஒரு காலை, கண்ணில் திரை விழுந்த மாதிரி என்றார் உம்மா, ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு புண்ணியமூர்த்தி டொக்டரிடம் பறந்தேன். அவர் பொட்டைத் தடவிப் பார்த்து, கழுத்திலிருந்து தலைக்கு ஏறும் இரத்தக்குழாய்கள் வீங்கிவிட்டன என்றார். நீ வயல்காரன் மகன், உனக்கு விளங்கும், வாய்க்கால் உட்பக்கம் ஒடுங்கினால் கடைசி வயலுக்குத் தண்ணீர் எட்டாதே, அப்படித்தான் தாடைக்கும் கண்ணுக்கும் இரத்தம் எட்டவில்லை. சோதனை முடிவுக்குக் காத்திராமல் அன்றே ஸ்டீரொயிட் தொடங்கினார். “இன்னும் சுணங்கியிருந்தா முழுசா இருட்டுத்தான்” என்று கதிரையை விட்டு எழும்பி என் கையைப் பிடித்தார். இப்போது தலைநோவு இல்லை, இரண்டு கண்ணும் பளிங்கு, வாசலில் நின்றே கடலில் போகும் தோணியின் பெயரை வாசிக்கிறார். குளிசையை நினைத்தபடி நிறுத்தக் கூடாதாம், ஆனால் அதால் இரத்தத்தில் சீனி ஏறுகிறது, சொக்லட் கொண்டுவராதே. பேரீச்சம்பழம் பரவாயில்லை, அது எனக்கு.

வேளைக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே, உன் உழைப்பில் அல்லாஹ் பரக்கத் செய்வான்.

ஒன்று மட்டும், மகன். இரண்டு கண்ணும் என்றது நான் கட்டிய கதை. “புள்ள அங்க தனிய இருந்து அழும், சொல்லாத” என்று உம்மா சத்தியம் வாங்கினார், போனில் கதைக்கும்போதும் பக்கத்திலேயே நிற்கிறார், அதனால்தான் அங்கே வரும் அடுத்த வீட்டு றிஷாட் கையில் இந்தக் கடிதம். வலக்கண் திரும்பவில்லை. இடதுகண் தப்பியது, அல்ஹம்துலில்லாஹ். பெருநாளைக்கு வரும்போது அவருக்கு இடப்பக்கமாக வந்து நில். மற்றப் பக்கம் நின்றுவிட்டு, உம்மா என்னைப் பார்க்கவில்லையே என்று நினைத்துவிடாதே.

துஆவுடன்,
உன் மாமா சீனிமுகம்மது