ஒரேயடியாக எடுத்த பணம்

வெள்ளவத்தை, கொழும்பு,
மாசி, 2007

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். உங்களுக்கு இளைப்புக் குறைந்ததா?

அண்ணா ரொறன்ரோவிலிருந்து கொடுத்தனுப்பிய பாங்க் கார்ட்டில் நான் சிறிது சிறிதாகவே பணம் எடுத்துவந்தேன். போன கிழமை போனில் ஏசினான். “எடுக்கிற ஒவ்வொருமுறையும் இங்கையும் வெட்டுறாங்கள், அங்கையும் வெட்டுறாங்கள். நீ கணக்குக் கிளார்க்தானே? ஒரேயடியா எடன்.” காரணத்தைப் போனில் சொல்ல முடியுமா?

வெள்ளிக்கிழமை, மெஷின் ஒரு நாளைக்குத் தரும் முழுத்தொகையையும் எடுத்தேன். வரும் வழியில் ஆமிச் சென்றிக் காவலரணில் பையைத் திறக்கச் சொன்னார்கள். “மே சல்லி காகெத?” யாருடைய காசு என்று ஆமிக்காரன் சிங்களத்தில் கேட்டான். அண்ணாவுடையது என்றேன். அண்ணா எங்கே என்றான். கனடா என்றேன். கனடாக் காசென்றாலே அவர்களுக்குச் சந்தேகம்; பொலிசுக்குக் கொண்டுபோனான்.

பயப்பட வேண்டாம். பொலிசில் வாங்குப் பலகையில் இருத்தித் தேத்தண்ணீர் தந்தார்கள். திங்கட்கிழமை முதலாளி வந்து கையெழுத்து வைத்துக் கூட்டிவந்தார். பாங்க் கார்ட்டைத் தந்துவிட்டார்கள். காசு விசாரணைக்கென்று அங்கேயே இருக்கிறது. வங்கியாவது வெட்டியதற்குத் துண்டுச்சீட்டு தரும். இவர்கள் அதுவும் தரவில்லை.

ஊர் விதானையாரிடம், நான் யாரென்று ஒரு கடிதம் வாங்கி அனுப்புங்கள். நாங்கள் குடும்பமாக நால்வரும் நிற்கும் படத்தையும் வையுங்கள். அண்ணா யாரென்று கேட்டால் காட்டலாம். கேட்காவிட்டாலும் எனக்கு அது வேண்டும்.

இதைக் கொண்டுவரும் நவரத்தினம் மாமா திருகோணமலை பஸ்ஸுக்கு அவசரப்படுகிறார். நான் இனிப் பழையபடி சிறிது சிறிதாகத்தான் எடுப்பேன். அண்ணா கேட்டால், அவளுக்குக் கணக்கு வராது என்று சொல்லிவிடுங்கள்.

மகள்,
கௌசலா