ஆமைப் படத்தின் கடைசிப் பாகம் வருகிறதாம்

என் இன்னாங்கவுக்கு,

பேர் சொல்லி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இருந்த காலத்தில் ஒரு நாளும் கூப்பிடாத பேரை இப்போது எழுதக் கை வரவில்லை. வாசலில் நின்று "இன்னாங்க" என்றால் பஞ்சர் கடைச் சத்தத்திலும் உங்களுக்குக் கேட்கும். இப்போதும் கேட்கும் என்று வைத்துக்கொள்கிறேன்.

விஷயம் இதுதான். ஆமைப் படத்தின் கடைசிப் பாகம் வருகிறது. முழுப் பரீட்சை லீவில் போளூருக்கே வருகிறதாம். உங்கள் தம்பிதான் கடையைப் பூட்டிவிட்டு வந்து போனில் ட்ரெய்லரைக் காட்டினார். கடையை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். உங்கள் அளவுக்கு வாய் இல்லை, வேலை சுத்தம். நம் பசு சிவப்பி கன்று போட்டிருக்கிறாள், கிடாரி. பலா இந்த வருஷம் அடிமரம் வரை காய்த்திருக்கிறது. பார்க்கத்தான் ஆள் இல்லை.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், நீங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆமைப் படம் என்பது நாங்கள் வைத்த பேர். வெளிநாட்டுப் படம், தமிழில் பேசுவார்கள். ஒரு அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். பனிமூட்டத்துக்கு அந்தப் பக்கம் ஒரு நாடு. அங்கே அவர்களை முதுகில் ஏற்றிப் போக வீடு மாதிரி ஒரு ஆமை. முதல் பாகத்துக்குப் போனபோது எங்கள் பவித்ரா என் வயிற்றில் இருந்தாள். இரண்டாவதுக்கு மடியில். மூன்றாவதுக்கு அவளுக்குத் தனி சீட்டு, தனி முறுக்கு பாக்கெட்.

ஆனால் ஒன்றைக்கூட நாங்கள் கடைசி வரை பார்த்ததில்லை. மாட்டைக் கறந்து, சோறாக்கி, மலையிறங்கிப் போளூர் சேரும்போதே மத்தியானம் ஆகிவிடும். அந்த ஆட்டம் முடிவதற்குள் எங்கள் ஊருக்கு வருகிற கடைசி பஸ் கிளம்பிவிடும். மூன்று பேரும் பைக்கில் இருட்டில் மலையேற நான் செத்தாலும் சம்மதிக்க மாட்டேன். அதனால் ஆமை சண்டைக்குத் தலையை வெளியே நீட்டும் நேரம் பார்த்து நீங்கள் "எழுந்திரு, எழுந்திரு" என்பீர்கள். பின்வரிசைக்காரர்கள் திட்டத் திட்ட ஓடுவோம்.

மிச்சக் கதை பஸ்ஸில். கண்ணால் பார்த்த மாதிரியே சொல்வீர்கள். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் ஒரு சண்டை வைப்பீர்கள். கண்டக்டர் கம்பியில் சாய்ந்துகொண்டு "அப்புறம்?" என்று கேட்டதெல்லாம் உண்டு. பிறகொரு நாள் டிவியில் நிஜ முடிவு வரும். பவி அதைப் பார்த்துவிட்டு, படக்காரர்கள் தப்பாக எடுத்துவிட்டார்கள், அப்பா சொன்னதுதான் சரி என்பாள். உங்களுக்குத் தலைகால் புரியாது.

மூன்றாவது பாகம்தான் வினை. அதில் அந்த அப்பா அந்த நாட்டுப் பனிக்கதவைச் சாத்த உள்ளே போகிறார். உள்பக்கமிருந்துதான் சாத்த முடியும். பிள்ளைகள் இந்தப் பக்கம் நின்று கதறுகிறார்கள். நமக்கு பஸ் நேரம். அத்திமூர் தாண்டுகிற வரை பவி அழுதுகொண்டே வந்தாள். அவளை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு நீங்கள் சொன்னீர்கள்:

"கதவுக்குப் பின்னாடி இன்னொரு வழி கீதுடி. கடைசிப் பாகத்துல அவரு வந்துடுவாரு, பாரு."

அதெப்படி வருவார் என்று நான் மடக்கினேன். சின்னப் பிள்ளையிடம் இல்லாததைச் சொல்லாதீர்கள் என்றேன். கடைசிப் பாகத்துக்கு மட்டும் போளூரில் சின்னம்மா வீட்டில் தங்கிவிடுவோம், விளக்குப் போடும் வரை உட்கார்ந்து பார்ப்போம் என்றீர்கள். டிவியில் போட்டபோது அந்தப் பாகம் கதவு மூடுவதோடு முடிந்துவிட்டது. அவர் வந்தாரா இல்லையா என்று இன்றைக்கு வரை யாருக்கும் தெரியாது.

போன புரட்டாசியில் மார் வலிக்கிறது என்று உட்கார்ந்தீர்கள். ஆம்புலன்ஸ் மலையிறங்கி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சாவுக்கு வந்த ஒருத்தர், "சினிமாவுக்குப் போனாலும் பாதியிலதான் எழுந்து வருவான், இங்கியும் அப்படியே பண்ட்டான்" என்றார். ஆறுதல் சொல்கிறாராம். எழுந்து நாலு அறை விடலாமா என்று இருந்தது. உங்கள் தலைமாட்டை விட்டு எழுந்திருக்க மனசில்லை, அதனால் அவர் தப்பித்தார்.

ட்ரெய்லரைப் பார்த்த பவி போனைச் சித்தப்பா கையில் கொடுத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டாள். ராத்திரி சாப்பிடும்போது, "நான் வர்லம்மா, நீ வேணா போ" என்றாள்.

மாமாவும் வேண்டாம் என்றுதான் சொன்னார். உங்கள் அப்பா பேச்சு உங்களுக்குத் தெரியாதா. தீபாவளி வைக்கவில்லை, பொங்கல் வைக்கவில்லை, வருஷம் திரும்பாமல் தாலியறுத்தவள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு சினிமாவுக்குப் போனால் ஊர் என்ன பேசும் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. துக்க வீட்டு வழக்கம் அதுதான், நானும் இதுவரை எதையும் மீறவில்லை. ஆனால் புரட்டாசி வரைக்கும் போளூர் தியேட்டரில் அந்தப் படம் காத்துக்கொண்டு இருக்குமா?

எனக்கு ஊரைப் பற்றிக் கவலையில்லை. பிள்ளையைப் பற்றித்தான். நீங்கள் போனதிலிருந்து அவள் உங்களைப் பற்றிப் பேசுவதே இல்லை. அழுவதும் இல்லை. அந்த அப்பா திரும்பி வரமாட்டாரோ என்று பயந்துதான் படமே வேண்டாம் என்கிறாள் என்று நினைத்தேன். அதற்காக மனசுக்குள் எத்தனையோ பேசிப் பார்த்து வைத்திருந்தேன். அது வெறும் கதைதானே, யாரோ எழுதுவதுதானே என்றெல்லாம்.

போன ஞாயிற்றுக்கிழமை களத்தில் மூன்று பேரும் புளி தட்டிக்கொண்டிருந்தோம். மாமா ஓடு உடைக்க, நாங்கள் கொட்டை எடுத்தோம். மெல்லக் கேட்டேன், படத்துல அந்தப் பசங்க அப்பா வரலைன்னா அழுவேன்னு பயமா என்று.

அவள் தலை நிமிரவில்லை.

"வந்துட்டாருன்னா இன்னாம்மா பண்றது?" என்றாள்.

இப்படி ஒன்று என் புத்திக்கு எட்டவே இல்லை. "எல்லாரும் கை தட்டுவாங்க. அந்தப் பசங்க ஓடிப்போய்க் கட்டிக்குங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தவள் அதற்கு மேல் முடிக்கவில்லை. கையில் இருந்த புளியைப் பிசைந்துகொண்டே அழுதாள். இத்தனை மாசத்துக்கும் சேர்த்து அழுதாள். எனக்கு உங்கள் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. வந்துடுவாரு பாரு என்று யாரைக் கேட்டுச் சொன்னீர்கள்? சொன்னவர் இருந்தல்லவா அதைப் பார்த்திருக்க வேண்டும்?

மாமா சுத்தியலைக் கீழே வைத்தார். துண்டில் முகத்தைத் துடைத்தார். பவி பக்கம் திரும்பினார்.

"வந்தா வர்ட்டும்டி. ஒரு வூட்டுக்காவது புள்ள திரும்பி வர்ட்டுமே."

அவர் மகனைத்தான் சொன்னார். அவளுக்கு அப்பா, எனக்கு நீங்கள், அவருக்கு மகன். இது நாள் வரை நாங்கள் மூன்று பேரும் ஆளுக்கொரு மூலையில்தான் அழுதுகொண்டிருந்திருக்கிறோம். பிறகு என்னைப் பார்த்து, சின்னம்மாவுக்குப் போன் போடு, ராத்திரி தங்கிவிட்டுக் காலையில் வாங்க, ஊருக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்றார். நீயும் வா தாத்தா என்று பவி கூப்பிட்டாள். மாட்டை யார் பார்ப்பது என்று கேட்டார். வரமாட்டேன் என்று மட்டும் சொல்லவில்லை.

வருகிறேன் என்று பவியும் இன்னும் வாயால் சொல்லவில்லை. நேற்று, தியேட்டரில் அழுதால் திட்டுவார்களா என்று கேட்டாள். இருட்டில் யாருக்குத் தெரியும் என்றேன்.

இன்னாங்க, உங்களுக்கு ஒரு வாக்கு கொடுக்கிறேன். அந்தக் கதவு திறக்கும்போது பிள்ளையின் கண்ணை நான் பொத்த மாட்டேன். அவர் வராவிட்டால், பின்னாடி வழி இருக்கிறது என்று அவளுக்குச் சொல்ல மாட்டேன். வந்துவிட்டால், என் வயிறு எரியும். எரியட்டும். அவள் கையைப் பிடித்து, என் கையோடு சேர்த்து, அந்தப் பிள்ளைகளுக்காக முதலில் நாங்கள்தான் தட்டுவோம்.

உங்கள் வீட்டுக்காரி,
பவித்ராவின் அம்மா