அலுமாரிக்குப் பின்னால் ஒரு பென்சில் கோடு

என் ஆசை அப்பா,

அம்மாவும் தங்கச்சியும் தூங்கிவிட்டார்கள். கணக்குக் கொப்பியின் கடைசித் தாளில் இதை எழுதுகிறேன். அம்மா கண்டால் கிழித்துவிடுவார்.

கெலிஓயா வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டோம். பின்பக்கத்து மண்மேடு உங்கள் மேல் சரிந்த பிறகு மூன்று மாதம் பள்ளிக்கூடத்து முகாமில் கிடந்தோம். அறைச் சுவரில் மேலிருந்து கீழாக ஓடிய வெடிப்பைப் போன கிழமை சீமெந்து பூசி மறைத்தாயிற்று. நாளை கிராம சேவகர் ஐயா வீடு பார்க்க வருகிறார். வெடிப்பைக் கண்டால் எங்களை இங்கே இருக்க விடமாட்டார்கள்.

நேற்று மாமா சுவரில் கையை வைத்துப் பார்த்தார். "அக்கா, பூச்சு இன்னும் ஈரமா இருக்கு. ஒரு மாசமாவது காயணும். இப்ப அடிச்சா பெயிண்ட் உரிஞ்சு வந்துரும்."

"அவரு பாத்துட்டுப் போன பொறகு உரியட்டும்."

"பெயிண்ட் அடிச்சா மலை நின்னுருமா? அப்ப இன்னும் ரெண்டு வாளி வாங்கு, மலைக்கே அடிச்சுருவோம்."

அம்மா சிரிக்கவில்லை. "நீ உன் வீட்டுக்குப் போயிருவடா. நான் ரெண்டு பொம்பளப் புள்ளைகளோட மறுபடியும் அந்த முகாம் தரையிலயா படுக்கிறது?"

நான்தான் சாண்ட் பேப்பரால் தேய்த்து, தூசி துடைத்தேன். அப்போதே பார்த்தேன், பழைய இடத்திலேயே மயிர் போல ஒரு வெடிப்பு. அம்மாவிடம் காட்டினேன். "புதுப் பூச்சு அப்படித்தான் வெடிக்கும். பேசாம அடி." அடித்தேன். வெளிர்நீலத்துக்கு மேலேயும் அது தெரிந்தது.

பெயிண்ட் காய்ந்ததும், நீங்கள் செய்வதைப் போலவே வெடிப்புக்குக் குறுக்கே அடிமட்டம் வைத்துப் பென்சிலால் ஒரு கோடு இழுத்தேன். "ரெண்டு பக்கமும் நேரா நிக்கிற வரைக்கும் பயமில்ல பாப்பா" என்பீர்களே.

இன்று பின்னேரம் நேராக இல்லை, அப்பா. வலப்பக்கம் ஓர் அரிசி அளவு கீழே இறங்கியிருக்கிறது. அம்மாவும் பார்த்தார். அலுமாரியை இழுத்து அதை மறைத்தார்.

வெளியே தூறுகிறது. சொன்னால் அம்மாவுக்கு வீடு போய்விடும். சொல்லாவிட்டால்? மண் சரிந்த அன்று காலையில் நீங்கள் இழுத்திருந்த கோட்டைப் பார்த்தீர்களா, அப்பா? பார்த்துவிட்டுத்தான் எங்களிடம் சொல்லாமல் இருந்தீர்களா?

அந்தச் சுவரோரம் படுத்திருந்த தங்கச்சியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். நாளை நான் பள்ளிக்கூடம் போக மாட்டேன். ஐயா வந்ததும், அம்மா அடித்தாலும் சரி, அலுமாரியைத் தள்ளிக் காட்டுவேன். தனியாகத் தள்ள முடியுமா என்று சற்றுமுன் சத்தமில்லாமல் முயன்று பார்த்தேன்.

நகர்கிறது, அப்பா.

உங்கள் மூத்த மகள்