கிர்ஸ்தோ கொடுத்த நீளத் துப்பாக்கி

நிக்‌ஷிச்,
மார்ச் 14

அன்பு மகள் தாரிங்காவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மனசுக்கு எப்படி என்று இதைப் படித்து முடிப்பதற்குள் நீயே தெரிந்துகொள்வாய். அங்கே மெல்போர்னில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தி லேனாவும் சளி காய்ச்சல் அண்டாமல் இருக்க ஓஸ்ட்ரோக் மடத்துப் புனித வாசிலி துணை நிற்கட்டும். போட்டோ கிடைத்தது. எட்டு மாதத்தில் இரண்டு பல், அந்தச் சிரிப்பு அப்படியே உன் சிரிப்பு. போட்டோவைச் சமையலறை ஜன்னலில் வைத்திருக்கிறேன், கூடத்தில் வைக்க இடம் ஏது, சுவர் பூராவும் உன் அப்பாவின் இரும்புதானே.

வீட்டில் துப்பாக்கி இருக்கிறவரை குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஜூலையில் வரமாட்டேன் என்று நீ போனில் சொன்னபோது எனக்கு உன்மேல்தான் ஆத்திரம் வந்தது. நீ அந்தத் துப்பாக்கிகளுக்கு நடுவில் தவழ்ந்து வளர்ந்தவள், உனக்கு என்ன ஆகிவிட்டது, வெள்ளைக்கார ஊருக்குப் போனதும் பெரிய மனுஷி ஆகிவிட்டாயா என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன், உன்னிடம் இல்லை, சுவரிடம். ஆனால் பேத்தியைப் பார்க்காமல் நான் செத்துப்போவேனோ என்று பயம். அதனால் அன்றைக்கே உன் அப்பாவுடன் சண்டையைத் தொடங்கினேன். இருபத்து மூன்று துப்பாக்கி தாரிங்கா, பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவருக்கு இருபத்து மூன்று! கைத்தடிக்குள் ஒளிந்த துப்பாக்கி, கத்தியும் முஷ்டியும் சேர்ந்த கைத்துப்பாக்கி, சாவி மாதிரி ஒன்று, அதைத் தெரியாமல் எடுத்து நிலவறைப் பூட்டில் விட்டுத் திருகினேன், நான் கதவை உடைத்திருந்தால்கூட மனுஷர் அப்படிக் கத்தியிருக்க மாட்டார். வீட்டு ரொட்டி வரைக்கும் துப்பாக்கி எண்ணெய் வாசனை. என் பின்னல் ஊசிகள் எல்லாம் குழல் துடைக்கப் போய்விட்டன. வருகிறவர்களுக்கு நான் காப்பி வைப்பதற்குள் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, பழசை நம்பவே கூடாது, முதலில் குழலுக்குள் கம்பியை விட்டுப் பார்க்கணும், எந்தத் தாத்தா மருந்தைக் கெட்டித்துவிட்டுச் செத்தானோ யாருக்குத் தெரியும் என்று பாடம் நடத்துவார். இந்தப் பாடத்தை ஞாபகம் வைத்துக்கொள், இதற்கு அப்புறம்தான் நான் சொல்லப்போவது இருக்கிறது.

இரண்டு வாரம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை, சோளமாவுக் கச்சமாக்கைக் களி மாதிரி கட்டிகட்டியாகக் கிண்டி வைத்தேன், கடைசியில் இறங்கி வந்தார். விற்க மாட்டாராம், உன் ஞானத்தந்தை கிர்ஸ்தோவிடம் கொஞ்ச நாள் வைக்கிறாராம், அவரிடம் இரும்பு அலமாரியும் உரிமமும் இருக்கிறது. சரி என்று நானே போர்வையில் சுற்றி வண்டியில் ஏற்றி அனுப்பினேன். அங்கே போய் என்ன சொன்னார் தெரியுமா, மகள் கேட்டுக்கொண்டாள், ஜூலை முடிகிறவரை பத்திரமாக வைத்திரு என்று சொல்ல வாய் வரவில்லையாம். “மக சொன்னான்னு சொன்னா அவன் சிரிக்க மாட்டானா?” என்று என்னையே கேட்கிறார். அதனால் “கிர்ஸ்தோ, இதெல்லாம் இனி உங்கிட்ட இருக்கட்டும்” என்று மட்டும் சொல்லிவிட்டு ஒரு கிளாஸ் சாராயம் குடித்துவிட்டு வந்துவிட்டார். நம்மூரில் ஒருவன் இன்னொருவன் கையில் ஆயுதத்தைக் கொடுத்தால் அது என்ன அர்த்தம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த மனுஷர் அதை அன்பளிப்பு என்றே எடுத்துக்கொண்டார். மூன்று நாள் தூங்கவில்லையாம், அழுதாராம்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிர்ஸ்தோ கோட்டும் சூட்டுமாக வந்து இறங்கி உன் அப்பாவைக் கட்டிக்கொண்டார். “ப்ளாகொதா, நீ என்னைக் கடன்காரனாக்கிட்டே. இவ்வளவையும் வாங்கிக்க எனக்கு ஏது தகுதி, உன் ஞாபகமா ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கிட்டேன்” என்று இருபத்து இரண்டைத் திருப்பி இறக்கி, பதில் மரியாதையாகத் தன் கொள்ளுத்தாத்தாவின் நீளத் துப்பாக்கியை வேறு கொடுத்தார். மறுபடியும் இருபத்து மூன்று! எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. உன் அப்பா முகத்தைப் பார்க்கணுமே, கல்யாண மாப்பிள்ளை மாதிரி. கம்பியை விட்டுப் பாருங்கள் என்று நான் அவர் காதில் சொன்னேன், என்னை எரித்துவிடுகிற மாதிரி பார்த்தார். “கிர்ஸ்தோ குடுத்ததைச் சந்தேகப்பட்டுச் சோதிக்கச் சொல்றியா? அதுக்கு அவன் மூஞ்சியில காறித் துப்பலாம்” என்றார். இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் சொன்ன பாடம் மரியாதை என்று வந்ததும் மறந்துபோயிற்று. கிர்ஸ்தோ என்னைப் பார்த்து, பயப்படாதே விதா, உள்ளே ஒன்றும் இல்லை, வெறும் கேப்பு மட்டும் வைத்து ஒரு சத்தம் போடுவோம், துப்பாக்கி புது வீட்டுக்கு வந்ததை ஊர் அறியட்டும் என்று முற்றத்துக்கு இறங்கினார். எழுபது வயதுக் கை, அந்தக் கனம், வானத்துக்குத் தூக்கியது வீட்டுப் பக்கம் சாய்ந்துவிட்டது.

உள்ளே மருந்து இருந்தது, தாரிங்கா. நூறு வருஷமாகக் கெட்டித்தபடி இருந்தது. முற்றம் முழுக்கப் புகை, நாய் எங்கே ஓடியது என்றே தெரியவில்லை. புகைக்குள்ளிருந்து இரண்டு கிழவர்களும் துப்பாக்கியைத் தட்டித் தட்டிச் சிரிக்கிறார்கள், “கிழவிக்கு இன்னும் உயிர் இருக்குடா!” என்று. எனக்கு மாடியில் கண்ணாடி உடைந்த சத்தம் கேட்டது. லேனாவுக்காக நான் சுண்ணாம்பு அடித்து வைத்த அறை. புதுத் தொட்டில் மேலெல்லாம் தலையணை இறகு, மெத்தையில் ஓட்டை. விரலை விட்டேன், இரண்டாவது கணு வரைக்கும் போயிற்று. கொட்டைப் பாக்கு அளவு ஈயக்குண்டு.

அதைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே வந்து மேஜையில் வைத்தேன். கிர்ஸ்தோ சிலுவை போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். உன் அப்பா வெளுத்துப்போனார், ஆனாலும் என்ன சொன்னார் தெரியுமா, “அங்க யாரும் இல்லையே விதா, யாருக்கும் ஒண்ணும் ஆகலையே” என்றார். நாற்பத்தொரு வருஷம் இவருடன் குடித்தனம் பண்ணினேன், அந்த ஒரு வார்த்தையில் எனக்கு எல்லாம் விட்டுப்போயிற்று. சாயங்காலம் அந்தத் துப்பாக்கியைத் துடைத்துக் கூடத்தில் மாட்டியாகிவிட்டது, கிர்ஸ்தோ கொடுத்ததைத் திருப்பித் தர முடியாதாம்.

அதனால் சொல்கிறேன், உன்னைத் திட்டினதை மன்னித்துக்கொள், நீ பிடித்த பிடியை விடாதே. அப்பா போனில் அழுவார், சத்தியம் பண்ணுவார், மனசு இளகிவிடாதே. திங்கட்கிழமை பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுக்கப் போகிறேன். விசாவுக்கு அழைப்புக் கடிதம் வேண்டுமாம், மாப்பிள்ளையிடம் சொல்லி உடனே அனுப்பு, மறந்துவிடாதே. உன் அப்பாவையும் கூப்பிட்டுப் பார்த்தேன், இத்தனையையும் யாரை நம்பி விட்டுவிட்டு வருவது என்று கேட்டார். குழந்தைக்குக் கழுத்து வேர்க்காமல் துடைத்துவிடு. நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடு நிறைவாக இருங்கள், கடவுள் உங்கள் வாசலைக் காக்கட்டும். ஜூலையில் நீங்கள் இங்கே வரவேண்டாம், நான் வருகிறேன், தனியாக.

உன் அம்மா,
விதொசாவா