செல்வமக்காவின் அழுகை

12 ஆனி 2005, ஞாயிறு. நெளுக்குளம்.

எங்கள் ஈழத்துப் படங்களில் வரும் தாய்மாருக்கு அழத் தெரியாது என்று இணைய விமர்சனங்களில் எத்தனை தடவை எழுதியிருப்பேன். இன்று என் முதல் குறும்படத்தில் செல்வமக்கா தாயாக நடித்தார். அவரின் மகன் நிஜமாகவே காணாமல் போனவன். தெரிந்துதான் கூப்பிட்டேன்.

"நடிக்காதேங்கோ அக்கா. உண்மையா அழுங்கோ."

"உண்மையா அழத் தொடங்கினா நிப்பாட்டேலாது தம்பி. அதாலதான் நடிக்கிறன்."

"ஒருக்கா மட்டும்" என்றேன்.

அழுதார். காட்சி முடிந்து கமராவை மூடினேன். நாங்கள் சோறு தின்று கை கழுவும்போதும் குசினிக்குள் அடுப்படியில் அவரின் அழுகை நிற்கவில்லை. இப்போதும் காதில் கேட்கிறது.

காட்சி நன்றாக வந்திருக்கிறது. வேறொருவன் எடுத்திருந்தால், இதுதான் அழுகை என்று பாராட்டி எழுதியிருப்பேன்.