பள்ளிக் குழுவின் தலைவி

ஜேம்ஸ்டவுன்,
செயின்ட் ஹெலினா.

அன்புள்ள அப்பா,

அசென்ஷன் தீவில் வெயில் அதிகமா? இங்கே சட்டமன்ற ஆலோசனைக் குழுக்களுக்கு இனி ஆளுநர் தலைமை தாங்க மாட்டார், உறுப்பினர்களே தாங்குவார்கள். பள்ளிக் குழுவுக்கு அம்மாதான் தலைவி.

முதல் கூட்டத்தைப் பார்க்க ஆளுநர் வந்தார். அம்மா பழக்கத்தில் எழுந்து, தன் நாற்காலியையே அவருக்கு இழுத்துப் போட்டுவிட்டாள்.

"என்ன எதெல், பதவிய அதுக்குள்ள திருப்பிக் குடுத்துட்டியா?" என்றார் மளிகைக்கடை க்ரோவி மாமா. எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து விலகல் கடிதம் எழுதினாள்.

"உங்கப்பா இங்க இருந்தா இதெல்லாம் வேணாம்னுதான் சொல்லியிருப்பாரு," என்கிறாள். அப்படியா, அப்பா?

தபாலில் போடச் சொன்ன அந்தக் கடிதத்தை என் பூகோளப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை அடுத்த கூட்டம். அதற்குள் அம்மாவுக்கு ஒரு தந்தி அடியுங்கள். "உட்காரு" என்ற ஒரு சொல் போதும்.

உங்கள் மகள்