சருகுக்குப் போகிறேன்

சினேகா அப்பாவுக்கு,

சருகு அள்ள ஒக்கூருக்குப் போகிறேன். இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கிறது. சட்னியில் உப்புக் குறைவு, கோபத்தில் அரைத்தது.

தோட்டம் போட்டிருக்கும் மனையின் சொந்தக்காரர் தங்கச்சாமி பத்து மணிக்குத் தேவகோட்டையிலிருந்து வருகிறார். தெருத் தோட்டத்தை இன்னும் ஒரு வருடம் விட்டுவைப்பதா, வீடு கட்டச் செங்கல் இறக்குவதா என்று இன்று சொல்லிவிடுவார். நான் திரும்பப் பதினொன்று ஆகும். நீங்கள்தான் சுற்றிக்காட்ட வேண்டும். கேட் சாவி ஃபிரிட்ஜ் மேல்.

அவர் வருகிறார் என்று நேற்று நீங்கள் கூட்டிக் கொளுத்தியது குப்பை இல்லை. மண் காயாமல் இருக்கத் தெருவே சேர்ந்து பரப்பிய சருகு. பொன்னுத்தாயி அக்கா பார்த்துவிட்டு, "குன்றக்குடிக்கு நேர்ந்துக்கிட்ட மாதிரி தோட்டத்துக்கே மொட்டை போட்டுட்டாகளே" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உங்களிடம் காட்டவில்லை.

கத்தரிப் பாத்தி ஓரத்தில் மட்டும் கொஞ்சம் சருகு தப்பியிருக்கிறது. அதை விலக்கி ஒரு பிடி மண் எடுத்து அவர் கையில் கொடுங்கள். கறுத்து, பொலபொலவென்று, மண்புழுவோடு இருக்கும். பிறகு வேலிக்கு வெளியே கல்லாகக் கிடக்கும் செம்மண்ணைக் காட்டுங்கள். ஆறு மாதத்துக்கு முன்னால் இதுவும் அப்படித்தான் கிடந்தது என்று மட்டும் சொல்லுங்கள். சருகு எதற்கு, யூரியா போதுமே என்ற பேச்சை அவரிடமும் ஆரம்பிக்காதீர்கள்.

ரோகிணி

பி.கு. அவருக்கு மோர் கொடுங்கள். காபி குடிக்க மாட்டார்.

இன்னொன்று. சாம்பலைப் பார்த்து யார் வேலை என்று கேட்டால், நாம் இரண்டு பேரும்தான் என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் தனியாக ஏச்சு வாங்க வேண்டாம்.